டோக்கியோவில் மழையாம்

பிளேஸ்டோ, லண்டன்
15 மார்ச் 1992

அன்பு மகள் வசந்தமலருக்கு,

அப்பாவும் அம்மாவும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால், எனக்கு வாய், வேறு வருத்தம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. வேலைக்குப் போக ஒரு காலைச் சப்பாத்துக்குள் விட்டிருந்தேன். மற்றக் கால் வெளியே நிற்க, அப்படியே படியில் இருந்து வாசித்தேன். ரயில் ஸ்ரேசனுக்குப் பிந்திப் போனேன். ஏன் பிந்தினாய் என்று வெள்ளைக்காரச் சூப்பர்வைசர் கேட்டான். ஜப்பானில் ஒரு கொலை என்றேன். அவன் இன்னும் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறான்.

மகள், நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தும் எனக்கு ஒரு இடம் விளங்கவில்லை. துப்பறியும் கதை எழுதியவருக்குப் பரிசு கொடுத்தால் அது நியாயம். அந்தக் கதைகளைப் பற்றிக் கதைத்தவளுக்கும் பரிசா? அப்படியென்றால் படம் பார்த்துவிட்டு வெளியே நின்று கதைக்கிற எங்களுக்கெல்லாம் எத்தனை பரிசு வரவேணும்? குறை நினைக்காதே. உன் அப்பா எஸ்.எஸ்.சி.யில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். யாழ்ப்பாணத்தில் பஸ்சில் ரிக்கற் கிழித்தேன், இங்கே ஸ்ரேசன் வாசலில் நின்று ஆட்களிடம் ரிக்கற் வாங்குகிறேன். என் விமர்சனமெல்லாம் செல்லும், செல்லாது, இவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் பருப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "கொலை செய்யிற கதையளோ? பிள்ளை அதுகளைத் தனிய இருந்து வாசிக்கிறாளோ?" பிறகு கிண்ட மறந்து உன் கடிதத்தை எடுத்து வாசித்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதுதான் அவளுடைய சந்தோசம்.

கடைசி நான்கு பேரில் நீ ஒருத்தி என்று எழுதியிருக்கிறாய். மற்ற மூன்று பேரும் ஜப்பான்காரரா? முடிவு எப்போது? உடனே எழுது. இருப்புக்கொள்ளாமல் இருக்கிறேன்.

அன்பு அப்பா
க. அம்பலவாணன்

•

டோக்கியோ
26 மார்ச் 1992

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். படம் பார்த்துவிட்டு வெளியே நின்று கதைப்பவர்களுக்கும் பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றார். அப்படியே எழுதச் சொன்னார்.

கதை எழுதுகிறவர் ஒரு வீட்டில் கொலை செய்து வைக்கிறார். துப்பறிகிறவர் வந்து கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுகிறார். எல்லோரும் போன பிறகு அந்த வீட்டுக்குள் போய், இது என்ன வீடு, இதில் மனிதர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்ப்பதுதான் விமர்சனம். நான் எடுத்துக்கொண்டது ஜப்பானியரின் பழைய வீட்டை. அதில் அறைக்கு அறை சுவர் இல்லை, தாள் ஒட்டிய கதவுதான். தும்மினால் நான்காவது அறையில் கேட்கும். ஆனாலும் இவர்கள் பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலைக் கதைகளை எழுதிக் குவித்திருக்கிறார்கள். தாள் கதவு வீட்டில் பூட்டு எங்கிருந்து வந்தது? இதுதான் என் கேள்வி. என் பதில்: அந்த வீடுகளில் மனிதரின் மரியாதைதான் பூட்டு. கேட்டும் கேட்காததுபோல் இருக்கப் பழகியவர்கள் அவர்கள்.

பரிசை ஒரு பதிப்பகம் கொடுக்கிறது, புதிய விமர்சகர்களுக்காக. நடுவர்கள் ஐந்து பேர் மே மாதக் கடைசியில் கூடுவார்கள். மற்ற மூவரும் ஜப்பானியர்.

இனி மிக முக்கியமானது. கடைசி நான்கு பேர் யார் என்பது வெளியே தெரியக்கூடாது. எங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நடுவர்கள் கூடும்வரை யாரும் மூச்சு விடுவதில்லை, இங்கே அப்படித்தான் வழக்கம். அப்பா, உங்களை எனக்குத் தெரியும். நான் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியதை அடுத்த பஸ்சிலேயே முழுச் சனத்துக்கும் சொன்னவர் நீங்கள். தயவுசெய்து இதை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

அன்புடன்
மலர்

•

பிளேஸ்டோ
12 ஏப்ரல் 1992

அன்பு மகளுக்கு,

புதுவருட வாழ்த்து. இத்துடன் ஒரு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தை வாசி, பிறகு அதை விரி.

நீ எழுதியபடி நான் வாயே திறக்கவில்லை. பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தரம். அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஈஸ்ட் ஹாமில் செபமாலைமுத்துவின் அச்சகத்துக்குச் சும்மா ஒரு எட்டுப் போனேன். சும்மாதான். அவர் தன் மாதப் பேப்பரின் சித்திரை மலரை அடித்துக்கொண்டிருந்தார். நடுப் பக்கத்தில் குகதாசனின் மகனுடைய படம். கணக்காளர் சோதனை பாஸ் பண்ணினதுக்குக் கால் பக்கம், மாமன்மார் மச்சான்மார் எல்லாரும் சேர்ந்து வாழ்த்து. பக்கத்தில் ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது. "உந்த இடத்துக்கு ஏதும் இருந்தால் தாங்கோ அண்ணை, இல்லாட்டி மிளகாய்த்தூள் விளம்பரம் போடப்போறன்" என்றார்.

மகள், உன் படம் வரவேண்டிய இடத்தில் மிளகாய்த்தூளா?

நான் நன்றாக யோசித்தேன். பேப்பர் தமிழில் வருகிறது. ஜப்பான்காரன் தமிழ் வாசிக்கப் போகிறானா? எங்கள் சனமே முழுவதும் வாசிப்பதில்லை, படம்தான் பார்க்கிறது. ஆகவே இது வெளியே தெரிவதில் சேராது என்று முடிவெடுத்தேன். கடைசி நாலு பேரில் ஒருத்தி என்று எழுதிக் கொடுத்தேன். செபமாலைமுத்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடைசி நாலு எண்டு போட்டால் சனம் கடைசியா வந்தவள் எண்டெல்லோ நினைக்கும். பரிசு பெற்ற எண்டே போடுவம் அண்ணை. வரத்தானே போகுது."

அதுவும் சரிபோலத்தான் பட்டது. இனி விரித்துப் பார். "யாழ் மண் ஈன்ற முத்து" என்பது அவருடைய வசனம். "துப்பறியும் கலையரசி" மட்டும் என்னுடையது.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. "பிள்ளை வேண்டாமெண்டது உங்களுக்கு எழுத்தில தெரியேல்லையோ?" என்று கேட்டாள். நான் புதுவருடப் பலகாரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

அன்பு அப்பா
அம்பலவாணன்

•

டோக்கியோ
2 மே 1992

அப்பாவுக்கு,

யோகோஹாமாவில் சுந்தரராஜன் என்று ஒரு என்ஜினியர் இருக்கிறார், கும்பகோணத்துக்காரர். அவருடைய மைத்துனர் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். அவர் ஒரு பார்சலில் முறுக்கு அனுப்பியிருக்கிறார். முறுக்கைச் சுற்றியிருந்த தாள் உங்கள் சித்திரை மலர்.

சுந்தரராஜன் நல்ல மனிதர். என் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் டெலிபோன் எடுத்தார். நான் இருக்கவில்லை. பேராசிரியருக்கு ஜப்பானிய மொழியிலேயே வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் மகிழ்ந்துபோய்ப் பதிப்பகத்துக்குப் போன் பண்ணி நன்றி சொல்லியிருக்கிறார். பதிப்பகத்தில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. நடுவர்கள் இன்னும் கட்டுரைகளை வாசித்தே முடிக்கவில்லை.

அடுத்த நாள் நான் அங்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பதிப்பகத்தின் பத்திரிகைக்கு ஆசிரியர் மினேகிஷி என்றொரு அம்மையார். கோபிக்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொன்னார். யாழ் மண் ஈன்ற முத்து. துப்பறியும் கலையரசி. என் வாயால் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பின்னால் இருந்து வேலை செய்தவர்கள் கேட்காததுபோல் இருந்தார்கள்.

நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். நடுவர்களிடம் விஷயத்தைச் சொல்வோம், அவர்கள் தீர்மானிக்கட்டும் என்றார்.

சுந்தரராஜன் வந்து, "நான் எதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டார். ஒரு பெட்டி முறுக்கும் கொண்டுவந்தார். நான் அவரைத் தேற்றவேண்டியதாயிற்று.

அப்பா, சின்ன வயதிலிருந்து எனக்கு நடந்த எதுவும் என்னிடம் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. எனக்கே பழக முன்னம் அது ஊருக்குப் பழசாகிவிடும். இவ்வளவு தூரம் வந்தும் அதுதான். இனி என் வேலையைப் பற்றி உங்களுக்கு எழுதமாட்டேன். பரிசைப் பற்றியும் இல்லை. கடிதம் நிற்காது. மழை, வெயில், சாப்பாடு எழுதுவேன்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

மலர்

•

பிளேஸ்டோ
17 மே 1992

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் போய்விட்டது. செய்தது பிழை. உன் சொல்லை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொன்னாய், நான் நடுப் பக்கத்தில் வைத்தேன். நீ ஒரு அந்நிய மனுசிக்கு முன்னால் நின்று என் புளுகை மொழிபெயர்த்தாய் என்று நினைக்க, ஸ்ரேசன் வாசலில் நிற்கும்போதே முகம் சூடாகிறது. ஆட்கள் பழைய ரிக்கற்றைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

கையோடு பிழையைத் திருத்தவேணும் என்று செபமாலைமுத்துவிடம் ஓடினேன். அங்கேதான் அடுத்த பிழை. மூலையில் இரண்டு வரி போடுங்கோ என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னனாப் போட்டால் ஏதோ ஒளிக்கிறம் எண்டு நினைப்பினம். திருத்தம் எண்டால் அதே அளவிலை, அதே படத்தோடை போடவேணும் அண்ணை. அதுதான் பத்திரிகை தர்மம்."

அவருடைய தர்மம் இந்த மாதம் வெளிவந்தது. உன் அதே படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: பரிசு கிடைக்கவில்லை.

மகள், எங்கள் வீடு இப்போது செத்தவீடு மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை யேசுரட்ணம் மாஸ்ரர் பிஸ்கற் ரின்னோடு வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்து, "மனதைத் தளரவிடாதேயுங்கோ. எல்லாம் அவன் செயல்" என்றார். பியற்றிஸ் ரீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை மூத்தவனும் டிரைவிங் ரெஸ்ற் நாலாந்தரந்தான் பாஸ் பண்ணினவன் தவநாயகி" என்றா. அம்மா தேத்தண்ணி கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முதலிலை கிடைக்க முந்திக் குடுத்தியள். இப்ப முடிவு வரமுந்திப் பறிச்சுப் போட்டியள். இனி என்ன செய்யிறதாய் உத்தேசம்?"

ஒன்றும் செய்யமாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மழையும் வெயிலும் எழுதுவேன் என்றாய். அதையாவது எழுது. நிற்பாட்டிவிடாதே.

அப்பா

•

டோக்கியோ
30 மே 1992

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே நல்ல வெயில். இரவில் கொஞ்சம் காற்று. தக்காளி மலிந்திருக்கிறது. கத்தரிக்காய் சிறிது, ஆனால் ருசி. அம்மா சொன்ன மாதிரிப் புளி விட்டுச் சமைத்தேன்.

இருவரும் சுகமாக இருங்கள்.

மலர்

•

பிளேஸ்டோ
12 ஜூன் 1992

அன்பு மகளுக்கு,

உன் வானிலை அறிக்கை கிடைத்தது. அம்மாவும் நானும் மாறி மாறி வாசித்தோம். நல்ல வெயில் என்று எழுதியிருக்கிறாயே, அது சந்தோசமான வெயிலா, சும்மா வெயிலா என்று எனக்குள் ஒரு ஆராய்ச்சி. சிறிய கத்தரிக்காய்க்கும் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று நினைத்து ஒரு பகல் முழுவதும் வாசலில் நின்றேன். இல்லை, கத்தரிக்காய் கத்தரிக்காய்தான்.

பயணிகள் ரயிலில் விட்டுப்போகிற பேப்பரில் உலக நகரங்களின் வெப்பம் போடுகிறார்கள். லண்டனைப் பார்ப்பதில்லை, டோக்கியோவைத்தான் பார்க்கிறேன். நேற்று உங்களுக்கு மழை. குடை கொண்டுபோனாயா?

வீட்டில் என்னால் ஒரு இடத்தில் இருக்க ஏலவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பவேணும் போலிருக்கிறது. எழும்பினால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சனிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஐயர் அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டார். உன் பேரைச் சொன்னேன். "என்ன விசேசம், சோதினையோ?" என்று கேட்டார். சும்மா என்றேன். சும்மா என்று சொல்ல எனக்கு எவ்வளவு பாடு தெரியுமா?

ஈஸ்ட் ஹாம் லைப்ரரியில் ஒரு துப்பறியும் கதையும் எடுத்துவந்தேன். முதல் பக்கத்திலேயே ஒருவர் செத்துப்போனார். அவர் யாரென்று அறிய முந்தியே நான் நித்திரையாகிவிட்டேன். அம்மா அதை வாசித்து முடித்து, கொலையாளி டொக்ரர் என்று எனக்குச் சொல்லிவிட்டாள். இனி அதை வாசிக்க அவசியமில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுதி வெட்டியிருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அப்பா

•

டோக்கியோ
27 ஜூன் 1992

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உடுப்புக் காய்வதில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வாங்கும் பாணில் பூஞ்சணம் பிடிக்கிறது.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். நேற்று மாலை வெளியே போகவேண்டியிருந்தது. அம்மா தந்துவிட்ட மாம்பழ நிறப் பட்டுச் சேலை மழையில் நனைந்துவிட்டது. கரையில் தண்ணீர்க் கறை வட்டம் வட்டமாக நிற்கிறது. அதை எப்படிப் போக்குவது? இங்கே லோண்டரியில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

சுகமாக இருங்கள்.

மலர்

•

பிளேஸ்டோ
8 ஜூலை 1992

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டுச் சேலை என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் கீரை ஆய்ந்த கையை நிறுத்தினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "வெள்ளிக்கிழமை பின்னேரம், மழைக்குள்ள, மாம்பழப் பட்டு. அவள் உந்தச் சீலையை என்னத்துக்கு உடுத்தவள்?" என்று கேட்டாள். "மழைக்கு" என்றேன். "ஓம், ஓம்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அன்றைக்குக் கீரைக்குள் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

இனிக் கறைக்கு வருவோம். அம்மா சொல்கிறபடி எழுதுகிறேன். கறை இருக்கிற இடத்தை மட்டும் கழுவாதே, அப்படிச் செய்தால் வட்டம் பெரிதாகும். முழுக் கரையையும் குளிர் தண்ணீரில் ஒரே சீராக நனை. தேய்க்காதே, முறுக்காதே. வெள்ளைத் துவாயில் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடு. நிழலில் காயவிடு. அரை ஈரமாக இருக்கும்போது மறுபக்கத்தைத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, மெல்லிய சூட்டில் அயன் பண்ணு. சாயம் போகுமோ என்று முதலில் உள்முந்தானையில் ஒரு துளி விட்டுப் பார்.

எனக்கு அதில் நம்பிக்கை வராமல் ஹை ஸ்ட்ரீட்டில் சீலைக்கடைக்காரரையும் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஆரின்ரை சீலை? ஏதும் விசேசத்துக்கு உடுத்ததோ?" என்று கேட்டார். சீலை என்றால் நனையும்தானே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதும் அம்மா சொன்னதும் ஒன்றுதான்.

கடை வாசலில் செபமாலைமுத்து பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணை, ஜப்பான் பக்கம் ஏதும் செய்தி, புதினம்? ஆவணி மலருக்கு நடுப் பக்கம் இன்னும் நிரம்பேல்லை."

"டோக்கியோவிலை மழையாம்" என்றேன்.

"வேறை?"

"பாணிலை பூஞ்சணம் பிடிக்குதாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குச் சுகமில்லையோ அண்ணை?" என்று கேட்டார். நெஞ்சுக்குள் ஒரு சொல் முட்டி முட்டி நின்றது. நான் விறுவிறென்று ஸ்ரேசன் பக்கம் நடந்து, அன்றைக்கு எனக்கு வேலையில்லை என்று அங்கே போன பிறகுதான் நினைத்துக்கொண்டேன்.

சேலை காய்ந்ததும் எழுது. சேலையைப் பற்றி மட்டும் எழுதினாலும் காணும்.

அப்பா

•

டோக்கியோ
20 ஜூலை 1992

அன்புள்ள அப்பா,

கறை போய்விட்டது. கிட்டப் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் கேட்பார், இல்லாவிட்டால் அடுத்ததில் கேட்பார் என்று ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடுதான் உடைத்தேன். வெட்டிய கேள்வியை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் நான் பதில் எழுதியிருக்கமாட்டேன். நீங்கள் கேட்கவில்லை. அதனால் இப்போது நான் சொல்லவேண்டியிருக்கிறது.

பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

ஜூன் 26 மாலை விழா. பெரிய கூட்டம் இல்லை, ஒரு ஹோட்டல் மண்டபம். தலைமை நடுவர் எண்பது வயதுக் கிழவர். கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசினார், இரண்டாம் பகுதி பலவீனம் என்றார். அது உண்மை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மினேகிஷி அம்மையார் எழுதிக்கொண்ட தாள். "நாங்கள் ஐந்து பேரும் மூன்று மணி நேரம் சண்டை பிடித்து எடுத்த முடிவை லண்டனில் ஒரு பத்திரிகை ஏப்ரல் மாதமே எடுத்துவிட்டது" என்று சொல்லி, யாழ் மண் ஈன்ற முத்து என்பதை ஜப்பானிய மொழியில் வாசித்தார். மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விழா முடிந்து ரயிலில் தனியாக வரும்போது சிரிப்பு வந்தது. எதிரே இருந்தவர் இடம் மாறி இருந்தார். பேப்பரில் வந்த உங்கள் திருத்தத்தைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும்.

பதிப்பகம் அறிவித்துவிட்டது. இனி இது இரகசியம் இல்லை. ஆனாலும் எனக்கு இது இன்னும் கொஞ்ச நாள் என்னுடையதாக இருக்கவேண்டும் போலிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும், அவவைச் சேர்க்கவில்லை. அம்மாவைத் தவிர ஒரே ஒருவருக்கு நீங்கள் சொல்லலாம். யாரென்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
உங்கள் மலர்

•

பிளேஸ்டோ
2 ஆகஸ்ட் 1992

என் அன்பு மலருக்கு,

உன் கடிதம் வந்து ஒரு கிழமையாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் நீ தந்த அனுமதி. ஒரே ஒருவர் என்றாயே, அது எவ்வளவு பெரிய தலையிடி என்று உனக்குத் தெரியுமா?

முதலில் செபமாலைமுத்துவை நினைத்தேன். அவருக்குச் சொன்னால் அவர் ஒருவர் இல்லை, ஈஸ்ட் ஹாம் முழுவதும். குகதாசனுக்குச் சொல்லுவோமா என்று பார்த்தேன். சொன்னதும் அவருடைய முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைதான். அது ஆசையில்லை, எரிச்சல் என்றாள் அம்மா. யேசுரட்ணம் மாஸ்ரர் பிஸ்கற்றோடு வந்து துக்கம் விசாரித்தவர், அவருக்குச் சொல்லுவது நியாயம் என்று அவர் வீட்டுப் படி வரைக்கும் போனேன். மணியை அமத்தவில்லை. வெள்ளைக்காரச் சூப்பர்வைசரைக்கூட யோசித்தேன் என்றால் பார். ஆனால் நன்றாக யோசிக்க, இவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி என் வாயால் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். புதிதாக ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

அதற்கிடையில் உன் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். ஜப்பான் வீட்டில் தொடங்குவாய் என்று நினைத்தேன். நீ எங்கள் பிளேஸ்டோ முதல் வீட்டில் தொடங்கியிருக்கிறாய். ஒரே அறை, நடுவில் அம்மாவின் பழைய சேலையால் ஒரு திரை. அங்கால் நீ, இங்கால் நாங்கள். மருந்தாளர் படிப்புக்குப் போகச் சொல்லி நான் கரைச்சல் கொடுத்த காலம். நீ திரைக்கு அங்கால் அழுகிறபோதெல்லாம் அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார், அந்த ரேடியோதான் என் கதவு என்று எழுதியிருக்கிறாய்.

மகள், நான் ரேடியோவைக் கூட்டியது உனக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நல்ல கெட்டித்தனமாகச் செய்ததாக எனக்குள் ஒரு பெருமைகூட. இரண்டாவது பக்கத்தை வாசிக்க எனக்குக் கண்ணாடி துடைக்கவேண்டியிருந்தது. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. மரியாதையால் கேட்காததுபோல் இருந்தோம் என்கிறாய். மரியாதையில்லை. எனக்குப் பயம். நீ ஏன் அழுகிறாய் என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாயே, சொன்னால் அதற்கு நான் என்ன செய்வது என்ற பயம். நடுவர் இரண்டாம் பகுதி பலவீனம் என்றாராம். முதலாம் பகுதியில் இந்த ஒரு சொல்லை மாற்றலாமோ என்று யோசித்துப் பார். விமர்சனத்துக்கே விமர்சனம் எழுதுகிறேன், எனக்கும் ஒரு பரிசு பார்.

அதை வாசித்து முடித்த பிறகுதான் ஆளைக் கண்டுபிடித்தேன். நான் உன் பெருமையைப் பஸ்சில் சொன்னேன், ஸ்ரேசனில் சொன்னேன், பேப்பரில் போட்டேன். யோகோஹாமாவில் முறுக்குத் தின்றவருக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு மட்டும் நான் இதுவரை வாய் திறந்து சொல்லவில்லை. பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சினால் கண்ணூறு படும் என்று எங்கள் ஆட்கள் பழகின பழக்கம். ஆகையால் அந்த ஆளுக்கு இன்றைக்குச் சொல்கிறேன். உனக்கு நேரே சொல்கிறமாதிரியே எழுதுகிறேன்.

பிள்ளை, ஒரு புதினம் கேட்டனீயோ? என்ரை மகளுக்கு ஜப்பானிலை பரிசு கிடைச்சிருக்கு. கதையளைப் பற்றி அவள் எழுதினதுக்கு. அந்த நாட்டுச் சனத்தின்ரை வீட்டை, அந்தச் சனத்துக்கே அவையின்ரை பாசையிலை விளங்கப்படுத்தியிருக்கிறாள். நான் மருந்துக்கடையிலை நில் எண்டு சொன்னனான். அவள் கேக்கேல்லை. நல்லகாலம் கேக்கேல்லை. வலு கெட்டிக்காரி. எனக்கு அவளை நினைக்க நெஞ்சு கொள்ளுதில்லை.

சொல்லிவிட்டேன். இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன். என் தோளுக்குப் பின்னால் அம்மா நின்று இதை வாசிக்கிறாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் அப்பா
அம்பலவாணன்